மேலால ஒரு கோட்

பண்டாரவளையிலிருந்து எல்லப் பக்கமாகப் பதுளைக்கு இறங்கும் வீதியில் இந்த மனிதரை அடையாளம் காணப் பெயர் தேவையில்லை, வாகனமே போதும். மொரிஸ் மைனர் அல்லது ஒஸ்டின், இலக்கத் தகட்டின் நடுவே ‘ஸ்ரீ’ எழுத்து, கண்ணைப் பறிக்கும் புதுப் பெயின்ட். ஆள் ஓய்வுபெற்ற தோட்டக் கிளார்க்காக இருக்கலாம், பாடசாலை அதிபராக இருக்கலாம், வீட்டில் இரண்டு அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுபவராகவும் இருக்கலாம். யாராவது வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தால், உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம், தனியார் கார்களுக்குக் கதவைத் திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பழைய வண்டிக்கு ஏறிய மவுசு இவருடைய நடையிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதில் தப்பில்லை. தப்பு ஒன்றே ஒன்றுதான்: பெயின்டை நம்புகிற அளவுக்கு அவர் இரும்பை நம்புவதில்லை. கறள் பிடித்த தகட்டைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, பிறகுதான் பூச வேண்டும் என்றால் கராஜ்காரர் பில்லை நீட்டப் பார்க்கிறார் என்று நினைப்பார். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கஞ்சனாக இருப்பவர் இரண்டு வருடத்துக்கொரு முறை முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பாரா? காசு தாராளமாகத்தான் போகிறது. வெளியே காட்ட முடியாத வேலைக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

கராஜில் நடக்கிற பேச்சைக் கேட்டாலே இது விளங்கும். “ஏன் பாஸ், இன்னும் எத்தன நாளைக்குத்தான் சுரண்டிக்கிட்டே இருப்பீங்க? தீபாவளிக்கு வண்டி வேணும்.” “உள்ள இன்னும் இருக்கு சார்.” “உள்ள இருக்கிறத யாரு பாக்கப்போறா? மேலால ஒரு கோட் அடிங்க.” யாரும் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் கறளுக்குள்ள வசதி. இரும்பு கறளாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், நுண்துளை நிறைந்திருப்பதால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே பூசியதைக் கொப்புளமாகத் தூக்கியும் விடும். வண்டி காலியிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ மலையேறி வந்ததென்றால் கடல் உப்பும் கூட வந்திருக்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவித்தான் போக்க வேண்டும், உரசினால் போகாது. போதாக்குறைக்கு, 1948 முதல் 1971 வரை வந்த மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுதான் அதன் முதுகெலும்பு. ஐஎஸ்ஓ 8501 என்ற சர்வதேசத் தரநூல் கறளை நான்கு படியாகப் பிரித்து, படிக்கொரு வண்ணப்படம் போட்டுக் காட்டுகிறது. நம் மனிதரிடம் இருப்பது இரண்டே படி: ‘லேசாத்தான் இருக்கு’, ‘பரவால்ல’. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை. ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி அவருடைய வண்டியின் சக்கர வளைவில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் பிடிக்கும், நடுவில் தயங்கும், பின்பக்கம் போனதும் பொத்தென்று விழும். அங்கே வண்டி இல்லை, புட்டிதான் இருக்கிறது.

அவர் சும்மா விடுவாரா? முதல் எதிர்வாதம் வரலாற்றிலிருந்து வரும். “தொரைமாரு காலத்துல ரெட் ஒக்சைட் அடிச்சாங்க, அம்பது வருஷம் நின்னுச்சு.” நின்றது உண்மைதான், ஆனால் அன்று அடித்ததில் பெரும்பகுதி செவ்வீயம். ஈயம் ஆளிவிதை எண்ணெயோடு சேர்ந்து இரும்பைக் காக்கும் சோப்புப் படலமாக மாறும். அது நஞ்சு என்பதால் ஒதுக்கப்பட்டது. இன்று ரெட் ஒக்சைட் என்று டின்னில் விற்கும் சிவப்பு வெறும் இரும்பு ஒக்சைட். கறளும் இரும்பு ஒக்சைட்தான். ஆக இவர் காசு கொடுத்துக் கறளின் மேல் கறளின் உறவினரைப் பூசுகிறார். சுத்தமான தகட்டில் அது நல்ல முதற்பூச்சுதான், அதை மறுக்க முடியாது. கறள் செதிளின் மேல் பூசினால் செதிளோடு சேர்ந்து அதுவும் உதிரும்.

அடுத்தது விஞ்ஞானம். கறளைக் கறுப்பாக்கும் திரவம் போத்தலில் கிடைக்கும்போது சுரண்டுவது எதற்கு என்பார். பொஸ்பரிக் அமிலமும் டானிக் அமிலமும் கறளை உறுதியான சேர்மமாக மாற்றுவது மெய். ஆனால் அவை மாற்றுவது கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகும் போகாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய படிவைத்தான். தடித்த செதிளில் ஊற்றினால் மேல்தோல் கறுக்கும், அடியில் கறள் தன் பாட்டில் தின்றுகொண்டிருக்கும். ஊவாவில் இதற்கு உள்ளூர்ப் பதிப்பும் ஒன்று உண்டு. தேயிலைச் சாயம் பட்ட கத்தி கறுக்கிறதே, கடும் சாயத்தைக் காய்ச்சித் தடவினால் என்ன என்று கேட்கும் தோட்டத்து விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அடிப்படை இரசாயனம் பிழையில்லை, வீரியம்தான் பற்றாது. அதைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவது மேல்.

உண்மையில் கேலிக்குரியது அவருடைய நாட்காட்டிதான். பூசும்போது காற்றின் ஈரப்பதம் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது, தகட்டின் சூடு பனிப்படும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூட இருக்க வேண்டும் என்பது தொழிலின் பொது விதி. சுரண்டி வெளுத்த தகட்டைத் திறந்து வைத்தால் மூடுபனி இறங்கும் எல்லவில் ஓர் இரவே போதும், விடியும்போது அது மஞ்சள் பூத்திருக்கும். ஊவாவுக்கு இயற்கை கொடுத்த பெயின்ட் பருவம் ஆடி, ஆவணி. தேயிலைக்கு வாசனையைக் கொடுக்கும் அதே வறண்ட காற்றுக் காலம். அப்போது இவருக்கு அவசரம் கிடையாது. ஐப்பசி மழை கொட்டும்போது தீபாவளிக்கென்று ஓடி வருவார், தையில் பொங்கலுக்கென்று வருவார், சித்திரையில் பின்னேர இடிமழையோடு புதுவருடத்துக்கென்று வருவார். அதே எல்லவில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் செங்கல்லும் கருங்கல்லும் சீமெந்துமாக, உருக்கில்லாமலே நிற்கிறது. இரும்பே இல்லையென்றால் எந்தப் பண்டிகைக்கும் பூசலாம்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அரைக்கும் மெஷினை வைத்து அழுத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தகடு இன்னும் மெலியும், சூட்டில் நெளியும் என்ற பயம் சரியானது. ஓட்டை விழுந்தால் வெட்டி ஒட்டப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் 1990களில் மொரிஸ் மைனரின் தகடுகளை இலங்கையிலேயே அடித்து, இங்கிலாந்தில் பாத் நகரிலிருந்த மைனர் மையத்துக்கு அனுப்பினார்கள். நல்ல கை இந்த நாட்டில் இருக்கிறது, அந்தக் கைக்குக் கொடுக்க அவருக்கு இரண்டு கிழமைதான் இல்லை. அவசரத்தில் முடிந்த வண்டியின் கதவைத் திறந்து அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தால் வழுவழுவென்றிருக்கும். மழைநீர் வடிய விட்ட துளைகளையும் சேர்த்துப் புட்டி வைத்து மட்டமாக்கியிருப்பார்கள், ஓட்டை தெரிந்தால் அசிங்கம் என்று அவரே சொல்லியிருப்பார். தெமோதரை வளைவில் வண்டி சாயும்போது கதவுக்குள் தண்ணீர் ‘சளக்’கென்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால், “பழைய வண்டிகள்ல அப்பிடித்தான், இங்கிலிஷ்காரன் செஞ்சது” என்பார்.