மங்கலம்பேட்டையில் நயாகரா

மங்கலம்பேட்டையில் அருவி இல்லை என்று யார் சொன்னது? போனில் காதுகுத்து ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடுகிறது. பின்னால் நயாகரா கொட்டுகிறது. ஓரத்தில் இரண்டு அன்னம், மேலே வானவில், கீழே இந்தப் பக்கம் யாரும் கண்டிராத துலிப் பூக்கள். பக்கத்து விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் கோடையில் மணல்தான் மிச்சம். ஆகவே லேஅவுட் போடுகிற தம்பி கனடாவிலிருந்தே தண்ணீர் திறந்துவிடுகிறார். காவிரிக்கும் இவரையே கேட்டிருக்கலாம்.

அடுத்தது ஆல்பத்தைப் பகிர்தல். 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில், ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. வதந்தியைத் தடுக்கத்தான். நம் சித்தப்பா அசரவில்லை. ஐந்தைந்தாக அனுப்பி மொத்தச் சொந்தத்தையும் முடித்தார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையுமாம். மறையட்டும், மறுநாளும் போடுவார்.

அதே விருத்தாசலத்தில் களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு பீங்கான் பொம்மை செய்கிறார்கள். அது நாலு தலைமுறை கொலுவில் உட்காரும். நம் ஆல்பமோ போன் தண்ணீரில் விழுந்தால் நயாகராவோடு போய்விடும்.

அடுத்த விசேஷத்துக்காவது பிள்ளைக்குப் பின்னால் நம் முந்திரித் தோப்பை வையுங்கள். நயாகராவுக்கு நம் விளம்பரம் தேவையில்லை. நாலு படத்தைப் பிரிண்ட் போட்டும் வையுங்கள்.