மூன்றாம் தண்ணீருக்கு முன்

பங்குனி வெயில் ஏறினால், லால்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஏதாவது ஒரு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். உள்ளே ஒரு பிள்ளைக்கு மணல்வாரி போட்டிருக்கிறது என்று தெருவே புரிந்துகொள்ளும். மாசிக் கடைசி ஞாயிறன்று தொடங்கிச் சமயபுரத்து மாரியம்மன் 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பதும் அந்தப் பருவத்தில்தான். ஊருக்காக விரதம் இருப்பவள் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்றால் அம்மாக்களுக்குப் பயமும் பணிவும் ஒன்றாக வந்துவிடும்.

எதனால் வருகிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நேர்ந்துகொண்டதைச் செலுத்தவில்லை என்பாள் அப்பாயி. உடம்புச் சூடு என்பாள் அம்மா. காரணத்தில் இருவரும் ஒத்துப்போனதில்லை. செய்வது மட்டும் ஒன்றாக இருக்கும். அடுப்பில் தாளிப்பு கிடையாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. இருட்டறையில் வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ். தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்வரை பிள்ளை வாசற்படி தாண்டாது.

பின்னாளில் கிராம சுகாதார செவிலியராகி அதே தெருக்களில் நடந்தபோதுதான் அந்த ஒழுங்கின் அருமை எனக்குப் புரிந்தது. மணல்வாரி என்பது தட்டம்மைதான்; தடிப்பு தோன்றி நான்கு நாள்வரை அது பிறருக்குத் தொற்றும். தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடும். கண் கூசும் பிள்ளைக்கு இருட்டு இதம். காய்ச்சலில் வற்றும் உடம்புக்கு நீராகாரம் அவசியம். வைரஸ் என்ற பெயரே கேள்விப்படாத பெண்கள் இவ்வளவு செய்திருக்கிறார்கள்!

அவர்களுக்குப் பிடிபடாமல் போனது தடிப்புக்கு முந்தைய நான்கு நாட்கள். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண் இவற்றைப் பார்த்துச் சளி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளை தம்பியோடு ஒரே பாயில் படுத்திருக்கும், பால்வாடிக்குப் போயிருக்கும். இருமிய பிள்ளை எழுந்து போன பிறகும் 2 மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்புசக்தி இல்லாத 10 பேர் அருகில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றிவிடும். வாசலில் வேப்பிலை ஏறும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குள் நோய் புகுந்தாயிற்று. பத்து, பதினான்கு நாள் கழித்து அங்கேயும் தடிப்பு தெரியும்போது, “ஆத்தா வீடு வீடா நடக்குறா” என்பார்கள்.

இன்றும் எனக்கு மனம் ஆறாதது அதற்குப் பின் நடந்ததை நினைத்தால்தான். தடிப்பு மங்கியதும் சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும், சிலருக்கு நிமோனியா. மூச்சு இழுக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவா நர்ஸம்மா” என்று அழுத தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கா பாசம் இல்லை? பத்தியம் என்று முட்டை, மீன், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தியதில் பிள்ளை இன்னும் மெலியும். வைட்டமின் ஏ வற்றிப்போன உடம்பில் தட்டம்மை கண்ணையும் பறிக்கும். அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ மருந்து வாயில் ஊற்றினால் (ஒரு வயது தாண்டியவர்களுக்கு வேளைக்கு 2 லட்சம் யூனிட்) உயிரும் பார்வையும் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஊசி இல்லை, வெறும் சொட்டு மருந்து என்று கெஞ்சிக் கொடுப்பேன். அதற்குப் பல அம்மாக்கள் சம்மதித்தார்கள்.

1985இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசியும் சேர்ந்தது. அந்த ஊசி போடப் பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று தாய்மார்கள் கேட்பார்கள். உன் ரத்தத்திலிருந்து போன காப்பு இத்தனை மாதம் பிள்ளையிடம் இருந்தது, இனி அது தீர்ந்துவிடும் என்பேன். கோயிலுக்குப் போய்விட்டு நேரே ஊசிக்கு வந்தவர்கள் நிறையப் பேர். நான் தடுத்ததே இல்லை.

இன்று என் மருமகளுக்கு வைரஸ் தெரியும், அது காற்றில் பரவுவதும் தெரியும். ஆனால், “இப்ப யாருக்கு அத்தை மணல்வாரி வருது?” என்று கேட்கிறாள். அவள் தலைமுறையில் பலர் அந்த நோயைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊசியைப் பற்றிய வதந்திகளை மட்டும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய பயத்தை நான் கண்டேன். ஆட்டிசம் வரும் என்ற பேச்சுக்கு வேராக இருந்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தச் செய்தி எந்தக் குழுவிலும் சுற்றவில்லை.

மருமகளிடம் கோபப்படவில்லை. ஒன்பதாம் மாத ஊசி 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 85 பேரைத்தான் காக்கும், மீதிப் பேருக்காகத்தான் 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது ஊசி, ஊரில் 100க்கு 95 பேராவது இரண்டும் போட்டிருந்தால்தான் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும் தப்பும் என்று பொறுமையாகச் சொன்னேன். பேத்திக்கு இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அவர்கள் குடியிருப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்குப் போடவில்லை. அந்த அம்மாக்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.