மெமரியில் பிட் புரண்டால் நிம்மதியாக இருப்பது எப்படி?

ஈப்போ சிலிபின் சாலைக் கடைவீட்டு மாடி அலுவலகத்தில், பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை உருவிக் கொடுத்த பாவத்துக்காக 'ஐடி தம்பி' ஆக்கப்பட்டவருக்கான கையேடு இது. தம்பி, உங்கள் பொறுப்பில் இப்போது ஒரு பெரிய ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள், எந்த முகவரிக்கு எந்த வழித்தடம், யாரை உள்ளே விடக்கூடாது என்ற பதிவுகளை வைத்திருக்கும் டி-கேம் என்றொரு மெமரி. அதில் பிழை வந்தால் அதைக் கண்டுபிடிக்காமலே காலம் தள்ளுவது எப்படி என்று சொல்லித் தருகிறேன். கண்டுபிடித்தால் வேலைதான் கூடும், சம்பளம் கூடாது.

எதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவாவது அது வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு எடுத்த கதையை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். கிராணி செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் முன்னால் வந்ததும் ஆள் சரிதானா என்று பார்த்துவிடலாம். சாதாரண மெமரி இப்படித்தான். 64 பிட்டுக்கு 8 பிட்டைக் காவலுக்கு வைத்தால், வாசிக்கும்போதே ஒரு பிட் பிழையைத் திருத்திவிடும். இரண்டு பிட் புரண்டிருந்தால் திருத்தத் தெரியாது, ஆனால் கூச்சல் போடும். பெல் ஆய்வகத்து ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்த வழி அது.

டி-கேம் பெயர் கூப்பிடுவதில்லை. களத்தில் நிற்கும் அத்தனை பேரையும் பார்த்து, "இந்த முகவரி யாருக்குப் பொருந்துகிறது?" என்று ஒரே குரல். பொருந்துகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கை தூக்குவார்கள், முன்வரிசைக் கைக்கே மரியாதை. லட்சக்கணக்கான வழித்தடங்களில் சரியானதை இமைக்கும் நேரத்தில் பிடிக்க இந்த வேகம் வேண்டும். ஆனால் யாரும் முன்னால் வந்து முகம் காட்டவில்லை, பாருங்கள். தேடும்போது எதுவும் வாசிக்கப்படுவதில்லை, அதனால் காவல் பிட் வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் அதைச் சரிபார்க்க வழியில்லை. உங்கள் நிம்மதிக்கு ஆதாரமே இந்த ஓட்டைதான்.

இன்னொரு வசதியும் உண்டு. இங்கே ஒவ்வோர் இடத்திலும் 0, 1 மட்டுமல்ல, 'எதுவானாலும் சரி' என்ற மூன்றாவது நிலையும் இருக்கும். மூன்று நிலையைக் குறிக்க இரண்டு பிட் தேவை. அதில் ஒன்று புரண்டால், உறுதியாக 1 என்று நின்ற இடம் 'எதுவானாலும் சரி' ஆகி, தனக்குச் சம்பந்தமில்லாத முகவரிக்கும் கை தூக்கும். அல்லது எதற்குமே பொருந்தாத நிலைக்குப் போய், கை தூக்குவதையே நிறுத்திவிடும்.

இப்போது முக்கியமான யோசனை. பிழை வரத்தான் போகிறது என்றால், வழித்தடத்தில் வராமல் தடை விதியில் வரவேண்டும் என்று லூர்து மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள். வழித்தடம் கெட்டால் கணக்குப் பிரிவு அக்கா, "தம்பி, லைன் செத்துப்போச்சு!" என்று மாடி அதிரக் கூப்பிடுவார். 'இந்த ஆளை உள்ளே விடாதே' என்ற விதி கெட்டு, கை தூக்காமல் போனால் ஒரு புகாரும் வராது. உள்ளே விடப்பட்டவர் எந்த ஊரில் புகார் கொடுத்திருக்கிறார்?

சில கருவிகள் பொல்லாதவை. தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் ஒவ்வொரு பதிவாக வாசித்து, காவல் பிட் சரியா என்று பார்த்து, கெட்டதை மென்பொருள் தனியே வைத்திருக்கும் நகலிலிருந்து திரும்ப எழுதிவிடும். கிராணி வேலை நேரத்தில் லயம் லயமாக நடந்து ஆள் பார்ப்பதுபோல. அப்படித் திருத்தியதும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். அந்த வரிகளை வடிகட்டி ஒளித்துவிடுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்று தெரிந்துவிட்டால் பலகையை மாற்றவேண்டி வரும். பாஸிடம் பணம் கேட்க வேண்டும். வேண்டாம்.

பிட் புரண்டதற்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது? 1970களின் கடைசியில் இன்டெல்லில் திமோத்தி மேயும் மர்ரே வூட்ஸும், சிப்பின் உறையில் கலந்திருந்த துளி யுரேனியமும் தோரியமும் ஆல்ஃபா துகள் விட்டுப் பிட்டைப் புரட்டுகின்றன என்று காட்டினார்கள். தோரியம் என்றதும் உங்களுக்குப் புக்கிட் மேரா ஞாபகம் வரும். ஈய லம்பத்து அமாங் மணலிலிருந்து மோனசைட் எடுத்து, 1982 முதல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை நடத்தி, தோரியக் கழிவை விட்டுவைத்த இடம். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992இல் மூடச் சொன்னது, மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு விழுந்தது, 1994இல் ஆலை தானாகவே மூடிக்கொண்டது. அந்த ஊர் மக்கள் பட்டது உண்மை, ஆனால் ஸ்விட்சின் பழியை அதன்மேல் போடாதீர்கள். ஆல்ஃபாவை ஒரு தாளே நிறுத்திவிடும். சிப்போடு ஒட்டிக்கிடக்கும் பொருள்தான் சிப்பைக் கெடுக்க முடியும். அதனால்தான் ஆல்ஃபா குறைந்த ஈயம் என்று தனியாகச் சுத்திகரித்து விற்கிறார்கள். ஈயத்துக்குப் பேர்போன கிந்தா பள்ளத்தாக்குக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் பெரிய குற்றவாளி, விண்வெளிக் கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரான். அதை நிறுத்தத் தாளும் போதாது, கடைவீட்டுக் கூரையும் போதாது.

மனிதன் செய்யும் தவற்றோடு போட்டி போடாதீர்கள். 2015 ஜூன் 12 அன்று டெலிகோம் மலேசியா ஏறத்தாழ 179,000 வழித்தடங்களைத் தவறாக வெளியே அறிவித்தபோது, உலகின் பல மூலைகளில் இணையம் தடுமாறியது, நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. ஒற்றைப் பிட்டுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

கடைசியில், அக்கா கூப்பிட்டேவிட்டால் ஸ்விட்சை நிறுத்தி மறுபடி போடுங்கள். டி-கேம் அட்டவணை முழுக்கப் புதிதாக எழுதப்படும், பிழையும் போய்விடும், தடயமும் போய்விடும். அது எழுந்து உட்காரும் நேரத்தில் புந்தோங் பக்கம் போய்க் கச்சாங் பூத்தே வாங்கி வரலாம். திரும்பி வந்ததும் பராமரிப்புப் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் விண்வெளி, நியூட்ரான் என்றெல்லாம் எழுதிவைக்காதீர்கள், பாஸ் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். 'இடி, மின்னல்' என்று எழுதுங்கள். ஈப்போவில் அதை யாரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள்.