வீயெல்சியம்: மூலமும் விருத்தியுரையும்

கணினியில் படமும் பாட்டும் ஓட்டித் தரும் வி.எல்.சி. என்னும் மென்பொருளுக்குத் தமிழில் முறையான உரை இன்னும் எழவில்லை. செய்முறை விளக்கங்கள் சில உலவுகின்றன. படித்தவுடன் புரிந்துவிடுவதால் ஆய்வுலகு அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வுரை. எங்கேனும் புரியாமல் போனால் உழைப்பு வீணாகவில்லை என்று கொள்க.

பாயிரம்

ஆக்கியோன் பெயர் முதலாகச் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு. காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். நமக்கு வேண்டியவை ஐந்து.

ஆக்கியோர், எகோல் சென்ட்ரால் பாரிஸ் என்னும் பொறியியல் கல்லூரி மாணவர்.

காரணம், வளாகத்துக்கு வேகமான நெட்வொர்க் வேண்டும் என்ற ஆசை. கணினி விளையாட்டு ஆடுவதற்கு என்று கேட்டால் எந்த நிர்வாகம் தரும்? செயற்கைக்கோள் தொலைக்காட்சியை நெட்வொர்க் வழியே அனுப்பிக் காட்டும் திட்டம் என்றார்கள். காரியம் நடந்தது. ஆய்வுத் திட்டத்துக்கு நிதி பெறுவோர் இவ்விடத்தை அடிக்கோடிட்டுக்கொள்க.

காலம், தொடக்கம் 1996. ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தில் வெளிவந்தது 2001 பிப்ரவரி 1. பதிப்பு 1.0 என்ற எண்ணை எட்டியது 2009 ஜூலை. தேதி இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது ஆராய்ச்சிக்குப் பெருந்தடை. ஒரு கல்வெட்டுச் சிதைந்திருந்தால், ஓர் ஏடு செல்லரித்திருந்தால், இந்நூலைப் பத்தாயிரம் ஆண்டு முன்னே தள்ளி, முதற்பதிப்பைக் கடல் கொண்டது என்று நிறுவியிருக்கலாம். கொடுத்துவைக்கவில்லை.

எல்லை, விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ். இந்தியா எல்லைக்குள்ளா என்றால், 2022-ல் இதன் இணையதளம் இங்கே முடக்கப்பட்டிருந்து நவம்பரில் விடுபட்டது; ஆகவே சில மாதம் வெளியே இருந்தோம் என்க. மூலப்பிரதி வேண்டுவோர் இதனை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் தளத்தில் மட்டும் இறக்குக. கண்ட தளத்தில் இறக்கும் பிரதியில் இடைச்செருகல் புகும். ஏட்டில் புகுந்த இடைச்செருகலால் புலவர்க்குப் பிழைப்பு. கணினியில் புகுந்தால் சர்வீஸ் கடைக்காரர்க்குப் பிழைப்பு.

பயன், கோடெக் எதையும் தனியே தேடி நிறுவாமல் பெரும்பாலான கோப்புகளை ஓட்டலாம். கோடெக் பேக் தேடித் திரிந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

எழுத்ததிகாரம்

எழுத்தெனப்படுவது விசைப்பலகையில் உள்ளது. முதலெழுத்து, தனித்து அழுத்தப்படுவது. எஃப் அழுத்தினால் முழுத்திரை. எம் அழுத்தினால் ஊமை. வி அழுத்தச் சப்டைட்டில் மாறும். பி (B) அழுத்த மொழி மாறும், கோப்பில் வேறு மொழி ஒலி இருந்தால். இ அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். சண்டைக் காட்சியில் கயிறு தெரிகிறதா என்று பார்க்கும் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது.

சார்பெழுத்து, கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றைச் சார்ந்து வருவது. ஷிஃப்டுடன் வலப்பக்க அம்புக்குறியை அழுத்த 3 விநாடி தாவும். ஆல்ட்டுடன் 10 விநாடி. கன்ட்ரோலுடன் ஒரு நிமிடம். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டும் கூட 5 நிமிடம். தமிழ்ப்படப் பாட்டு ஏறத்தாழ 5 நிமிடம் ஓடும் என்பதைப் பாரிஸ் மாணவர் அறிந்தது எங்ஙனம்? இது தனி ஆய்வுக்குரியது.

சொல்லதிகாரம்

சொல்லெனப்படுவது சப்டைட்டில். அது தனிக் கோப்பாக வரின், படத்தின் பெயரையே தானும் பூண்டு, அதே ஃபோல்டரில் இருத்தல் வேண்டும். அப்போது தானே வந்து சேரும். மூலத்தின் பெயரில் பிழைப்பதும் மூலத்தை விட்டு அகலாமையும் உரையாசிரியர்க்குப் பொது இயல்பு.

தமிழ்ச் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்க. தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தால் குறியேற்றம் பிழை என்க. கன்ட்ரோலுடன் பி (P) அழுத்தி, சப்டைட்டில் பகுதியில் குறியேற்றத்தை யுடிஎஃப்-8 ஆக்கி, எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யுஐ ஆக்கி, சேமித்து, மூடித் திறக்க. டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் போட்டியிட்ட காலத்துக் கோப்பு கையில் இருந்தால் அதைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க.

சொல் தன் இடத்தில் நில்லாது முன்பின் ஓடுவதும் உண்டு. பாட்டின் தலைப்பகுதிச் சொல்லைக் கால்மாட்டில் கொண்டுபோய்க் கூட்டுவதில் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வல்லவர் என்பது அறிஞர் அறிந்ததே. சப்டைட்டில் முந்தினால் ஹெச் அழுத்தித் தாழ்த்துக. பிந்தினால் ஜி அழுத்தி முன்தள்ளுக. நச்சினார்க்கினியர்க்கு இவ்வசதி செய்யப்படவில்லை.

பொருளதிகாரம்

இனி ஐந்திணை.

குறிஞ்சி, காட்சியும் ஒலியும் கூடுதல். அப்போது எவரும் உரையைத் தேடுவதில்லை; விட்டுவிடலாம்.

முல்லை, இணையம் வழி வரும் படம் வந்து சேரும்வரை ஆற்றியிருத்தல்.

மருதம், ஊடல். வசனம் காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்ட, அடுத்த நொடி வெடிகுண்டு வெடிக்க, தூங்கும் குழந்தை அழ, ரிமோட் கைமாறும். இதன்கண் 125 சதவீதம் வரை சத்தம் ஏற்றுவது இளையோர் வழக்கு. கற்றோர் கன்ட்ரோலுடன் இ அழுத்தி, கம்ப்ரெசர் என்பதைத் தேர்ந்து, முணுமுணுப்பையும் வெடிச் சத்தத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் கொண்டுவருவர். குழந்தை தூங்கும். ரிமோட் திரும்புவது பற்றி உரை இல்லை.

நெய்தல், இரங்கல். அரைகுறையாக இறங்கிய கோப்பையும் வி.எல்.சி. பல சமயம் ஓட்டிவிடும். கொலையாளி யார் என்று சொல்ல வாய் திறக்கும் இடம்வரை.

இனிப் பாலை. பாலைக்குத் தனி நிலம் இல்லை; நல்ல நிலமே வெயிலில் திரிந்து பாலையாகும் என்பது மரபு. அவ்வாறே நன்கு ஓடிய படம் திரிந்து, நாயகன் வாயை மூடிய பின் வசனம் வரும். காட்சி வேறு ஒலி வேறாகும் இதுவே பிரிவு.

பிரிந்தவர் யார் என்பதில் உரைகாரர் தம்முள் முரணுவர். ஒலியே தலைவன், காட்சியே தலைவி என்பது கீழ்வீட்டுப் பழைய உரை. என்னை? ஜே, கே ஆகிய இரு விசைகளும் ஒலியை மட்டுமே நகர்த்தும். காட்சியை நகர்த்த விசை இல்லை. வீட்டைவிட்டு அசையாதவள் தலைவி; ஆகலின் காட்சி தலைவி. இதனை மொட்டைமாடி உரைகாரர் மறுப்பர். மின்னல் முதலில் தெரிந்து இடி பின்னே கேட்பதால், முந்திப் புறப்பட்டது காட்சியே என்பது அவர் கொள்கை. அவர் இதைச் சொன்னது மழைக்காலத்தில் என்பதால் அது முல்லைக்கு உரியதன்றிப் பாலைக்கு உரியதன்று எனத் தள்ளுக.

பிரிவைத் தீர்க்கும் தோழியர் இருவர். ஒலி முந்தினால் கே, பிந்தினால் ஜே. ஓர் அழுத்தலுக்கு 50 மில்லிவிநாடி. சித்தப்பா வீட்டுப் பென் டிரைவ் ஏட்டில் 'முந்தினால் ஜே' என்று பாடம் காணப்படுகிறது (16 ஜிபி, முன்னும் பின்னும் சிதைவு, செல் இல்லை, வைரஸ் உண்டு). அப்பாடப்படி அழுத்திப் பார்த்ததில் பிரிவு கூடியது. சித்தப்பாவிடம் காட்டியபோது, தாம் எல்லாப் படத்தையும் அப்படியே பார்ப்பதாகவும், குறையொன்றும் தெரியவில்லை என்றும் உரைத்தார். ஆகவே இதுவும் ஒரு பாடம் என்று குறித்து அமைக.

50 மில்லிவிநாடி ஒருவழித்தணத்தல். 2 விநாடி பொருள்வயிற் பிரிவு; இதற்கு 40 முறை அழுத்தித் தோழியை வருத்துதல் தகாது. டூல்ஸ் பட்டியலில் ட்ராக் சிங்க்ரனைசேஷன் என்னும் பகுதியைத் திறந்து எண்ணை நேரே இடுக. பிரிவு தொடக்கத்தில் சிறிதாய், இடைவேளைக்குப் பின் பெரிதாய் வளர்ந்தால் அது தோழியரால் தீராது. சட்டக வேகம் மாறிய கோப்பு என்க. சப்டைட்டில் மட்டும் அவ்வாறு வளர்ந்தால், அதே பகுதியில் சப்டைட்டில் வேகத்தை மாற்றித் தீர்க்க.

புளூடூத் ஹெட்போன் அணிந்தார்க்குக் கோப்பில் குற்றமில்லாமலும் பிரிவு நேரும். ஒலியைக் காற்றில் தூது விட்டால் பிந்தித்தான் வரும். ஜே அழுத்துக. 'தூது' என்பது தனிச் சிற்றிலக்கியம் ஆதலின் இது பாலையாமோ என்று ஐயுற்றார்க்கு மேற்கோள் உண்டு: கல்யாண வீடியோ டிவிடி, இரண்டாம் தட்டு, பந்தி முடிந்து தாம்பூலம் தொடங்குமிடம், கீறலுக்கு இரு விரற்கடை இடப்பக்கம், விளிம்பில் சந்தனக் கறை. இதனோடு மாப்பிள்ளை வீட்டார் தனியே எடுப்பித்த பிரதியை ஒப்புநோக்குக. அதில் பெண்வீட்டார் எவரும் காணப்படவில்லை. பெண்வீட்டார் இருந்ததே பிற்கால இடைச்செருகல் என ஒரு கட்டுரை விரைவில் வரக்கூடும்.

டப்பிங் படத்தில் வாயும் சொல்லும் முதலிலிருந்தே கூடவில்லை. கூடாதார்க்குப் பிரிவேது? அது பெருந்திணை. விசையைத் தொட வேண்டாம்.

புறத்திணை பரந்தது, இரண்டே சொல்வாம். காஞ்சி, நிலையாமை: பிரவுசிங் சென்டர்களில் கோலோச்சிய ரியல் பிளேயர், வின்ஆம்ப் முதலியவற்றை எண்ணி அமைக. பாடாண், ஈக்வலைசர்: ரெகே, ஸ்கா, பார்ட்டி என்றெல்லாம் ஆயத்த அமைப்புகள் உள, நாயனத்துக்கும் தவிலுக்கும் இல. கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுக.

மரபியல்: சின்னமாகிய ஆரஞ்சுக் கூம்பு சாலைத் தடுப்பே. மாணவர் சேர்த்து வைத்திருந்த கூம்புகளின் நினைவு அது. டிசம்பர் பிற்பாதியில் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லாய் அணியும்.

நூற்பயன்

இதனாற் சொல்லியது, கோப்பின்மேல் இருமுறை கிளிக் செய்தால் படம் ஓடும் என்பது. அதற்கு மூன்று அதிகாரம் எதற்கு என்பார்க்கு விடை: படத்தை ஓட்டிப் பார்த்தவர் எவரும் அதற்கு உரை எழுத உட்கார்வதில்லை, அவர்க்கு நேரம் இராது. இவ்வுரையை மேற்கோள் காட்ட விரும்புவோர் பக்க எண்ணைத் தாமே இட்டுக்கொள்க. சரிபார்ப்பவர் எவரும் இலர் என்பது துறையில் உள்ளார் அறிந்ததே.