கழுத்து வலிக்கு மட்டும்

அரசாங்க அதிகாரிகளின் கற்பனை வளத்துக்கு நாம் போதிய மரியாதை கொடுப்பதில்லை. சுங்க ஆணையர் ஒருவர் இறக்குமதியான மசாஜர்களைப் பார்த்தார். பெட்டியில் இருந்தது மசாஜர், அவர் மனக்கண்ணில் ஓடியது வேறு. இது பாலுறவுப் பொம்மையேதான் என்று முடிவுகட்டி, ஆபாசப் புத்தகம், படம், உருவம் ஆகியவற்றைத் தடுக்க 1964இல் போட்ட ஓர் அறிவிக்கையைத் தூசி தட்டி எடுத்துச் சரக்கைப் பறிமுதல் செய்துவிட்டார். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லாம் ஆணையரின் கற்பனை, பறிமுதல் செல்லாது என்று 2024 மார்ச்சில் தீர்ப்பானது. கற்பனைக்கு அபராதம் கிடையாது என்பது அதிகாரிகளுக்கு மட்டும் உள்ள சலுகை.

மசாஜர் தப்பித்தது, மசாஜராகவே. அதைக் கட்டில் பக்கமும் கொண்டுபோகலாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். இத்தனைக்கும், பாலுறவு சம்பந்தப்பட்டது என்பதாலேயே ஒரு பொருள் ஆபாசமாகிவிடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2011லேயே சொல்லியிருக்கிறது. சொன்னால் போதுமா? பழைய தண்டனைச் சட்டத்தில் ஆபாசத்துக்கென்று இருந்த 292ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 294 என்று எண்ணை மாற்றிக்கொண்டு அதே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கோயிலிலும், சாமியை ஏற்றிப் போகும் வாகனத்திலும் செதுக்கியிருந்தால் அது ஆபாசமில்லை. ஆக, தேரின் அடித்தட்டில் இருக்கும் மரத் தம்பதி எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம், ஊரே கூடி வடம் பிடிக்கும். தேர் இழுத்துவிட்டு வீட்டுக்கு வரும் உயிருள்ள தம்பதிதான் விளக்கை அணைத்துவிட்டு வாயை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும்.

2007இல் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் லேடக்ஸ், அதிரும் வளையம் வைத்த ஓர் ஆணுறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் இது பாலுறவுப் பொம்மை என்று கொதித்தெழுந்தார். கஜுராஹோ எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை போலும். மேற்கத்தியச் சீரழிவு என்கிறவர்களுக்கு வாத்ஸ்யாயனரைத் தெரியாது. பொன், வெள்ளி, செம்பு, தந்தம், கொம்பு, ஈயம், மரம் என்று எதில் எல்லாம் இந்தக் கருவிகளைச் செய்யலாம் என்று காமசூத்திரத்தின் ஏழாம் பாகம் பட்டியலே போடுகிறது. (ஈயத்தை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம்.) இன்று அந்த மனிதர் ஒரு பையோடு விமான நிலையத்தில் வந்து இறங்கினால் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு காவலும் எதையாவது நிறுத்தியதா என்றால், இல்லை. எல்லாம் வருகிறது, எல்லாம் விற்கிறது. பெட்டியில் ஒரு பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எந்த ரப்பர், என்ன பிளாஸ்டிக், உடம்புக்குள் போகலாமா, எப்படிக் கழுவுவது, ஒரு வரி இருக்காது. கழுத்து வலிக்கென்று விற்கும் பொருளுக்கு அதையெல்லாம் எவன் எழுதுவான்? வெளிநாட்டுப் பெட்டிகளிலும் 'வேடிக்கைப் பொருள்' என்று போட்டுக் கைகழுவிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இந்தக் கருவிகளின் பாதுகாப்புக்கென்று ஐஎஸ்ஓ 3533 என்ற உலகத் தரவிதியே 2021இல்தான் வந்தது. ஆணுறைக்கு நம் மருந்து விதிகளில் தனி அட்டவணை உண்டு. இதற்கு ஒரு மசாஜர் படம்.

பெட்டி சொல்லாததை நான் சொல்கிறேன், பண்பாடு சற்று அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும். நுண்துளைகள் கொண்ட மலிவு ரப்பரில் கிருமி தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. மருத்துவத் தர சிலிகானோ ஸ்டீலோ நல்லது. பிசுபிசுத்து நாறினால் தூக்கி எறியுங்கள். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இருவர் மாற்றிப் பயன்படுத்தினால் ஆணுறை மாட்டி, ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்ற வேண்டும். ஆசனவாயில் பட்டதைக் கழுவாமல் பெண்ணுறுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆசனவாய்க்கென்றால் அடி அகலமாக இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனது போனதுதான். ஆணுறுப்பில் மாட்டும் வளையத்தை அரை மணிக்குள் கழற்றிவிட வேண்டும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. நம் வீட்டுச் சர்வரோக நிவாரணியான தேங்காய் எண்ணெய் லேடக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். சிலிகான் ஜெல் சிலிகான் கருவியைக் கெடுக்கும். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கும் பெண்ணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் வறட்சியால் வலிக்கும்போது அந்த ஒரு டியூப்பே பாதி நிவாரணம். அதைக் கேட்டால் மெடிக்கல் ஷாப் பையன் பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, கஞ்சா கைமாற்றுகிறவனைப் போல நீட்டுகிறான்.

இந்த டியூப் கிடைக்காத ஊரில் கத்தரிக்காய் தாராளமாகக் கிடைக்கிறது. காய்கறிக்குச் சுங்கத் தடை இல்லை, ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப்பணி பார்த்த மருத்துவர்களைக் கேட்டால் பண்பாட்டின் இன்னொரு அத்தியாயத்தைச் சொல்வார்கள்.

இன்பத்தைப் பற்றி இங்கே யாரும் பேசுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் 'இளமையில் செய்த தவறு' என்று மிரட்டி, எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று ஊர்வாரியாகச் சொன்னார்களே, அது பேச்சில்லையா? உடலின்பத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றம் என்கிறது. அந்தச் சட்டம் பத்து மணிக்கே தூங்கப் போய்விடும். மூலிகை என்று விற்கும் மாத்திரைகளில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கும், உயிரே போகலாம். இருந்தும் பயமெல்லாம் பேட்டரி போட்ட கருவியைக் கண்டுதான்.

வீட்டுக்குள் வாருங்கள். கட்டிலுக்குப் பூச்சரம் கட்டுவது மாமா மகன், பால் சொம்பைக் கொடுத்துக் கதவைச் சாத்துவது பெரியம்மா. மூன்றாம் மாதம் 'ஏதும் விசேஷம் உண்டா?' என்று எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் கேட்கலாம். விசேஷம் இல்லையென்றால் கருத்தரிப்பு மைய வாசலில் குடும்பமே வரிசையில் நிற்கும். 'உனக்கு வலிக்கிறதாம்மா, சந்தோஷமாக இருக்கிறாயா?' என்று மட்டும் ஒரு வாய் கேட்காது. உடலுறவால் மட்டும் உச்சம் எட்டாத பெண்கள் ஏராளம், அது நோயுமல்ல, புருஷனுக்கு அவமானமுமல்ல. ஒரு சின்ன அதிர்வுக் கருவி அதைச் சரிசெய்யலாம் என்றால், அவளுக்கு ஆசை அதிகம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

இதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய தன் மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்திப் புணர்ந்தால் அது வன்புணர்வு ஆகாது. அதை நீக்கக் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்க, வன்புணர்வு என்று தண்டிப்பது மிகையான கடுமை, திருமண அமைப்பையே பாதிக்கும் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அவள் 'வேண்டாம்' என்றதைக் காதில் வாங்காதவனால் திருமணத்துக்கு ஒரு சேதமும் இல்லை. 'இது உனக்குப் பிடிக்குமா?' என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகு ஒரு பொருளை வாங்கி வந்தானே, அவன்தான் பண்பாட்டைக் கெடுத்தவன்.