தொலைந்த அத்தியாயத்தின் தர்மகர்த்தா

பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் பல வகை. அவர்களில் ஒருவரைத் தர்மகர்த்தா என்று வைத்துக்கொள்வோம். கண்முன் இருக்கும் அத்தியாயங்களில் இவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. காணாமல்போனவைதான் இவருடைய பொறுப்பு. பிபிசி 1960களில் ஒளிபரப்பிய அத்தியாயங்களின் நாடாக்களைப் பின்னாளில் அழித்துவிட்டது. நாடா விலை அதிகம்; மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் இடம் தரவில்லை; வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளையை வாங்க ஆளில்லை. நிர்வாகக் கணக்குப்படி எல்லாம் சரிதான். தர்மகர்த்தாவோ அதைத் தம் வீட்டுத் துக்கமாகவே பேசுவார். அழிந்த கதையின் இயக்குநர், ஒளிபரப்பான சனிக்கிழமை, மூன்றாம் காட்சியில் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பது வரை ஒப்பிப்பார். ‘நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. தொடர்மீது அவருக்குள்ள பிரியம் பொய்யல்ல. ஆனால் இல்லாத அத்தியாயத்தின்மேல் உள்ள பிரியம் இன்னும் ஆழமானது, ஏனென்றால் அது எழுந்து வந்து அவரை மறுத்துப் பேசாது.

எழுந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1992 சாட்சி. ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ 1967 செப்டம்பரில் நான்கு வாரம் ஓடிய கதை. தொலைந்துபோன ஆண்டுகளில் அது வளர்ந்து வளர்ந்து, தொடரின் தலைசிறந்த படைப்பு என்ற இடத்தைப் பிடித்துவிட்டது. திடீரென்று ஹாங்காங்கிலிருந்து நான்கு அத்தியாயங்களும் முழுசாகத் திரும்பின. உறைந்த கல்லறை அறைகளின் படலத்தைக் கிழித்துக்கொண்டு சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்கள் இறங்கும் காட்சி இன்றும் அசத்தல்தான். ஆனால் ஆளைத் தூக்கும் கம்பி தெரிகிறது. தூக்கி வீசப்படும் சைபர்மேன் வெறும் உடுப்பு என்பதும் தெரிகிறது. தர்மகர்த்தா, ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்றார், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் தொனியில். சிறுவயதில் பார்த்தவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அன்றைய சின்னத் திரையில், நிறுத்திப் பார்க்கவோ பின்னால் ஓட்டவோ வழியில்லாதபோது, கம்பி யார் கண்ணுக்குப் படும்? அவர்கள் நினைவில் வைத்திருந்தது பயத்தை. அந்தப் பயம் அசல். அதைக் கலைத்தீர்ப்பாக எழுதிப் பதிவு செய்ததுதான் தர்மகர்த்தாவின் கைங்கரியம்.

‘தொலைந்ததெல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்றால், மட்டம் என்று பேரெடுத்துப் பிறகு உயர்ந்த கதையை என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ அப்படிப்பட்டது. ஆறு அத்தியாயங்களில் மூன்றாவது மட்டும் எஞ்சியிருந்தது. அதில் இடம்பிடித்தவர், எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்ளும் ஒரு சமையல்காரர். அந்த ஒரு பருக்கையை வைத்துப் பானை முழுவதையும் தள்ளிவிட்டார்கள். 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில், தொலைந்த அத்தியாயங்களைத் தேடிவந்த பிலிப் மோரிஸ் கண்டெடுத்த சுருள்களில் மற்ற ஐந்தும் இருந்தன. ஹெலிகாப்டரும் ஹோவர்கிராஃப்டும் பறக்கும் தொடக்கம். பேட்ரிக் ட்ரவுட்டன் தொடரின் நாயகனான டாக்டராகவும் சாலமாண்டர் என்ற கொடுங்கோலனாகவும் இரட்டை வேடத்தில். ஒரே முகத்தை வைத்துக்கொண்டு, நிற்கும் தோரணையிலேயே ஆள் மாறிவிடுகிறார். எனக்கு இது ‘டூமை’விட ஒரு படி மேல். ஆக, தொலைவது புகழை மட்டுமல்ல, பழியையும் ஊதிப் பெரிதாக்கும். தர்மகர்த்தா காத்துவந்தது படைப்பை அல்ல, அதன்மேல் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்ப்பை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தீர்ப்பு கவிழ்ந்த மறுநாளே, ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று அவர் எழுந்து நின்றது தனிக்கதை.

இவ்வளவு கிண்டல் தகுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். ரசிகர்கள் இல்லையென்றால் இந்தத் தொடரில் பாதி காற்றோடு போயிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்குமுன் மைக்கைப் பிடித்து ஒலிப்பதிவு செய்த பிள்ளைகளால்தான் காணாமல்போன ஒவ்வோர் அத்தியாயத்தின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. அயல்நாட்டு நிலையங்களின் கிடங்குகளில் தூசி தின்று தேடியவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெரிய கும்பிடு. ஆனால் தேடுகிறவர் வேறு, தர்மகர்த்தா வேறு. தேடுகிறவருக்குச் சுருள் கிடைக்கவேண்டும். தர்மகர்த்தாவுக்குத் தேடல் நடந்துகொண்டே இருக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் குடியிருப்பதும் உண்டு என்பதுதான் சிக்கல்.

ஜோஸ் நகரம் அவரை முழுக்க ஏமாற்றிவிடவில்லை. லண்டன் சுரங்க ரயில் பாதையில் எட்டி என்ற பனிமனிதர்கள் நடமாடும் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையும் அதே 2013இல் திரும்பியது, மூன்றாம் அத்தியாயம் நீங்கலாக. பின்னாளில் தொடரின் தூணாகிவிட்ட பாத்திரமான லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டாக நிக்கலஸ் கோர்ட்னி அறிமுகமாவது அந்த மூன்றாவதில்தான். செய்தி கேட்டுத் தர்மகர்த்தா மனமுடைந்து போனார். பத்து வயது குறைந்தவர்போலவும் தெரிந்தார். மற்ற ஐந்தும் இவ்வளவு நன்றாக இருக்கும்போது மூன்றாவது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க அவருக்கு இப்போது ஒரு மாலைப்பொழுது போதவில்லை. பழைய ஒலிக்கு அசைபடம் சேர்த்து அதையும் பிற்பாடு வெளியிட்டார்கள். அது அசல் ஆகாது என்று அவர் முதல் நாளே அறிவித்துவிட்டார்.