கொலம்பஸ் முதல் கறவை மாடு வரை

1492 அக்டோபர் 28 அன்று கொலம்பஸ் கியூபாவில் கால் வைத்தார். வைத்த மாத்திரத்தில் இது ஆசியாதான் என்று முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் எங்கேயோ சீனச் சக்கரவர்த்தி இருக்க வேண்டும், அரண்மனையில் விருந்து தயாராக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஸ்பெயின் ராஜா ராணி கொடுத்தனுப்பிய கடிதம் வேறு பையில் இருந்தது. தூதர்களாக இரண்டு பேரை உள்ளே அனுப்பினார். ஒருவர் லூயிஸ் தெ தொர்ரெஸ், எபிரேயமும் அரபியும் அறிந்த பன்மொழிப் புலவர். அந்த மொழிகளைப் பேச கியூபாவில் ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை என்பதுதான் சின்னச் சிக்கல்.

போனவர்கள் கண்டது ஓலைக் குடிசைகள். ஊரார் கிழங்கு கொடுத்து உபசரித்தார்கள். சிலர் இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கரவர்த்தியைக் காணோம். கொலம்பஸ் அசருவாரா? 1494-இல் திரும்பி வந்து, கியூபா தீவு அல்ல, பெருநிலம்தான் என்று மாலுமிகளிடம் சத்தியம் எழுதி வாங்கினார். மாற்றிப் பேசினால் 10,000 மரவேதி அபராதம், நாக்கும் அறுபடும். பூகோளம் சொல்லிக்கொடுப்பதில் இவ்வளவு கண்டிப்பான வாத்தியார் அதற்குப் பிறகு பிறக்கவில்லை.

அறுபடாத நாக்கோடு கியூபா போகிறவர்கள் முதலில் ருசிக்க வேண்டியது அந்தக் கிழங்கு வகையறாவைத்தான். கசப்பு மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டு. தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் அதைத் துருவி, பின்னல் குழாயில் அடைத்துப் பிழிந்து, மாவைக் கல்லில் தட்டிச் சுட்டார்கள். அதுதான் கசாபே ரொட்டி. மாதக்கணக்கில் கெடாது. கோதுமை ரொட்டி பூசணம் பிடித்த பிறகு ஸ்பானியர்களுக்கும் இதுதான் கதி. 1519-இல் மெக்சிகோவைப் பிடிக்கக் கிளம்பிய கோர்த்தெஸ் இதைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு போனார். சோறு போட்டவர்களுக்கு அதற்குள் கிடைத்திருந்த கைம்மாறு வேறு: 1512-இல் தைனோ தலைவர் ஹத்துவேயைக் கட்டிவைத்து எரித்தார்கள். கசாபேவை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 2024-இல். கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை.

ஸ்பானியர்கள் தங்கள் நாட்டில் முஸ்லிம்களான மூர்களோடு ஏறக்குறைய 780 ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1492-இல்தான் ஓய்ந்திருந்தார்கள். கியூபாச் சமையல்காரர் கறுப்பு பீன்ஸையும் வெள்ளை அரிசியையும் ஒரே பானையில் போட்டு, 'மூர்களும் கிறிஸ்தவர்களும்' என்று பெயர் வைத்துச் சமாதானத்தை முடித்துவிட்டார். பீன்ஸ் வெந்த தண்ணீரிலேயே அரிசி வேக வேண்டும். சோறு சாம்பல் நிறத்துக்கு வந்தால்தான் சரியான பதம்.

அப்புறம் சர்க்கரை. முதலாளிகள் கண்ணில் பட்ட மண்ணிலெல்லாம் கரும்பு நட்டுவிட்டு, தோட்டத்தில் அடிமைகளுக்குப் போட உப்புக்கண்டத்தையும் கருவாட்டையும் கப்பலில் வரவழைத்தார்கள். கடல் சூழ்ந்த தீவுக்குக் கடல் தாண்டிக் கருவாடு! பொருளாதார மேதைகள். 1847-இல் சீனக் கூலிகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹவானாவில் ஃபிரைடு ரைஸ் கிடைப்பது அந்த வழியில்தான். கொலம்பஸ் தேடிய சீனா 355 வருஷம் தள்ளி, அதுவும் கூலியாக வந்து சேர்ந்தது.

கியூபா சாண்ட்விச் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அதற்குச் சண்டை போடுகிறவர்கள் ஃபுளோரிடாவில் இருக்கிறார்கள். டாம்பாக்காரர்கள் சலாமி வைப்பார்கள், மயாமிக்காரர்கள் அதைக் கேட்டாலே கொதிப்பார்கள். 2012-இல் டாம்பா நகரசபை தீர்மானமே போட்டது. நமக்கெதற்கு வம்பு.

விஷயம் சூடுபிடிப்பது 1959 புரட்சிக்குப் பிறகு. புரட்சித் தலைவர் ஃபிதெல் காஸ்த்ரோவுக்குப் பால் பண்டம் என்றால் உயிர். மதியச் சாப்பாட்டுக்கு மேல் 18 கரண்டி ஐஸ்கிரீம் சாப்பிட்டதை எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் எழுதியிருக்கிறார். இந்தப் பலவீனம் சி.ஐ.ஏ.வுக்கும் தெரியும். 1963-இல் ஹவானா லிப்ரே ஹோட்டலில் அவருடைய சாக்லேட் மில்க்‌ஷேக்கில் விஷ மாத்திரை கலக்க ஏற்பாடு. மாத்திரையை ஃபிரீசரில் ஒளித்துவைத்தார்கள். அது ஐஸோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்கும்போது உடைந்தது. கியூபாவின் முன்னாள் உளவு அதிகாரி சொன்ன கதை இது. வல்லரசு தோற்றது ஃபிரீசரிடம்.

மூன்றே ஆண்டில், அதே ஹோட்டலுக்கு எதிர்ப்பக்கம் 'கொப்பேலியா' ஐஸ்கிரீம் கடையைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம், 26 ருசிகள். இன்று போனால் ருசிப் பட்டியல் சுருங்கியிருக்கும், வரிசை மட்டும் சுருங்கியிருக்காது. ஆனாலும் நில்லுங்கள்.

இத்தனை ஐஸ்கிரீமுக்கும் பால் வேண்டாமா? கலப்பின மாடுகளை உருவாக்கினார்கள். அதில் ஒன்றுதான் உப்ரே பிளாங்கா. 1982-இல் ஒரே நாளில் 109.5 லிட்டர் கறந்து கின்னஸில் ஏறியது. அதற்கு ஏ.சி. தொழுவம், காவல். பசு 1985-இல் இறந்ததும், கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை 'கிரான்மா' இரங்கல் வெளியிட்டது. உடலைப் பாடம் செய்து கண்ணாடிக்குள் வைத்தார்கள். பளிங்குச் சிலையும் எழுப்பினார்கள். ஒரு குறை, அது போட்ட கன்றுகள் எதுவும் அம்மாவைப் போலக் கறக்கவில்லை. மக்கள் ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

1991-இல், கியூபாவுக்குப் படியளந்துகொண்டிருந்த சோவியத் யூனியன் மறைந்ததும் ரேஷனும் மறைந்த மாதிரிதான். பம்பளிமாஸ் போன்ற பழத்தின் தோலை ஊறவைத்து, பிரெட் தூள் பூசிப் பொரித்து 'பீஃப் ஸ்டேக்' என்று சாப்பிட்டார்கள். தொலைக்காட்சிச் சமையல் நிபுணர் நித்ஸா வில்லாபோலின் பெயரை இந்தத் தோல் கறியோடு சேர்த்தே சொல்வார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் சமையல் சொல்லிக்கொடுத்த நாட்டில் பொருள்கள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

1990-களில் வீட்டிலேயே உணவகம் நடத்த அரசு அனுமதித்தது. இந்த வீட்டு உணவகங்களுக்குப் 'பலதார்' என்று பெயர்; அது ஒரு பிரேசில் டி.வி. சீரியலில் நாயகி நடத்தும் உணவகத்திலிருந்து வந்தது. நிபந்தனைகள்: 12 நாற்காலிக்கு மேல் கூடாது. மாட்டிறைச்சி, சிங்க இறால் இரண்டும் கூடாது. கியூபாவின் தேசிய உணவாகச் சொல்லப்படும் ரோப்பா வியெஹாவுக்கு மாட்டிறைச்சிதான் ஆதாரம்! மாட்டு வயிற்றுப் பக்கக் கறியை முழுசாக வேகவைத்து, ஆறியதும் விரலால் நார்நாராகப் பிய்த்து, வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், தக்காளி, சீரகத்தோடு வதக்குவார்கள். மாடு இல்லையென்றால்? ஆட்டுக்கறியைப் பிய்த்தார்கள். குழம்பு அதேதான்.

அந்தச் சட்டங்கள் பின்னால் தளர்ந்துவிட்டன, பழக்கம் தளரவில்லை. ஹவானாவில் ரோப்பா வியெஹா கேட்டால் ஆடு வர நிறைய வாய்ப்புண்டு. முகம் சுளிக்காமல் வாங்குங்கள், கூடவே மூர்களும் கிறிஸ்தவர்களும் ஒரு தட்டு, பொரித்த வாழைப்பழம் ஒரு தட்டு. என் ஓட்டு ஆட்டுக்கே.